‘2026-27’ என்றால் எந்த ஆண்டு? அரசுத் தாள்களிலும் வங்கித் தாள்களிலும் ஆண்டுக் கணக்கைப் படிக்கும் முறை

வருமான வரி கட்டுகிறவர்கள் முன்னால் ‘2026-27’ என்ற எண் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது. ஒன்று, மதிப்பீட்டு ஆண்டு 2026-27. மற்றொன்று, வரி ஆண்டு 2026-27. எண் ஒன்றுதான், ஆனால் குறிக்கும் காலம் வேறு. முதலாவது, 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு உரியது. இரண்டாவது, 2026 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஈட்டும் வருமானத்துக்கு உரியது. இடையில் ஒரு முழு ஆண்டு வேறுபாடு.

இந்தக் குழப்பம் வரியோடு முடிவதில்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், காவிரி நீர்ப் பங்கு பற்றிய செய்தி, கடன் ஒப்பந்தம், பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு என ஆண்டைச் சொல்லும் தாள் எதுவானாலும் இதே சிக்கல் உண்டு. காரணம் எளியது. ‘ஆண்டு’ என்ற சொல் ஒரு கால அளவைச் சொல்கிறது. அந்த அளவு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. தொடக்கத்தைத் தீர்மானிப்பது அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கும் சட்டம், மரபு அல்லது ஒப்பந்தம்.

சொல்லுக்குள் இருக்கும் நான்கு பொருள்கள்

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் ஒரு சுழற்சி முடிய ஏறத்தாழ 365.2422 நாள் ஆகிறது. இயற்கை தருவது இந்த நீளத்தை மட்டுமே. முதல் நாள் எது என்பது மனிதர்கள் வகுத்தது.

இன்று ‘ஆண்டு’ என்று எழுதுவதைச் சோழர் கல்வெட்டுகள் ‘யாண்டு’ என்று எழுதின. அங்கே அது அரசன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டு. உத்திரமேரூரில் குடவோலை முறையை விவரிக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அவனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. கி.பி. 919, 921 என்பது பின்னால் வந்த ஆய்வாளர்கள் கணித்தது. அந்தச் சபை ஆண்டு வாரியம், ஏரி வாரியம் போன்ற குழுக்களை அமைத்தபோது, உறுப்பினர்கள் 360 நாள் பணியாற்றி விலக வேண்டும் என்று நாளாகவே எண்ணி எழுதியது. ஓராண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நாளில் விலகுவது என்று ஒரு வழக்கு வந்திருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்ச்சபை காட்டிய இந்தக் கவனம் இன்றைய படிவங்களில் பலவற்றுக்கு இல்லை.

இன்றைய எழுத்துத் தமிழில் இந்தச் சொல் நான்கு விதமாகப் பயன்படுகிறது. உருபு மாறினால் பொருளும் மாறும்.

1. ஆண்டில்: ‘2026-ஆம் ஆண்டில்’, ‘நடப்பு நிதியாண்டில்’. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு குறிப்பிட்ட காலத் துண்டு.

2. ஓராண்டு: ‘வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு உத்தரவாதம்’. எந்த நாளிலும் தொடங்கலாம், நீளம் மட்டும் நிலையானது.

3. ஆண்டுக்கு: ‘ஆண்டுக்கு 8 சதவீத வட்டி’. இது விகிதம். மூன்று மாதம் மட்டுமே நீடிக்கும் கடனுக்கும் ஆண்டு வட்டி உண்டு.

4. ஆண்டுதோறும்: ‘ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா’. மீண்டும் மீண்டும் வருவதைச் சொல்கிறது. இரண்டு திருவிழாக்களுக்கு இடையில் சரியாக 365 நாள் இருக்க வேண்டியதில்லை. நட்சத்திரத்தை வைத்து நாள் குறிக்கும் கோயில்களில் பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

‘வருடாந்திர’ என்ற சொல் இந்த நான்கையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. ‘வருடாந்திரக் கட்டணம் 500 ரூபாய்’ என்று ஒரு சங்கம் அறிவித்தால், பிப்ரவரியில் சேர்ந்தவர் அடுத்த பிப்ரவரியில் கட்ட வேண்டுமா, ஏப்ரலிலேயே கட்ட வேண்டுமா என்பது தெரியாது. ‘சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு’ அல்லது ‘ஏப்ரல் முதல் மார்ச் வரை’ என்று எழுதிவிட்டால் பணம் கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சண்டை வராது.

மத்தியச் சட்டங்களில் வரும் பொதுச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கவே 1897-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, வேறு விதமாகச் சொல்லப்படாதவரை ‘ஆண்டு’ என்றால் ஆங்கில நாட்காட்டிப்படியான ஆண்டு, ‘நிதியாண்டு’ என்றால் ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஆண்டு. ஒரே சட்டத்துக்குள் இரண்டும் அருகருகே வருவது உண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், ஒவ்வோர் ஆண்டும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது. அந்தக் கூட்டத்தை நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்றும், இரண்டு கூட்டங்களுக்கு இடையில் 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. மூன்று கணக்குகளும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்.

ஏப்ரல் 1 வந்த வழி

இந்திய அரசின் நிதியாண்டு முதலில் மே 1-இல்தான் தொடங்கியது. 1867-இல் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று மாற்றினார்கள். பிரிட்டிஷ் அரசின் கணக்கோடு பொருந்த வேண்டும் என்பதே காரணம்.

பிரிட்டனில் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? 1752 வரை அங்கே சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாள் மார்ச் 25. அந்த ஆண்டு நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று வைத்து 11 நாள்களை நீக்கினார்கள். வரி வசூலில் அந்த 11 நாளை இழக்க அரசு விரும்பவில்லை. எனவே வரிக் கணக்கின் தொடக்கம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. இன்றும் பிரிட்டனில் தனிநபர் வரியாண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது, அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. நம் விதைப்புக்கோ அறுவடைக்கோ பருவமழைக்கோ இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

இதை மாற்றும் பேச்சு அவ்வப்போது எழும். 1980-களில் எல்.கே. ஜா தலைமையிலான குழு ஜனவரியில் நிதியாண்டைத் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஏப்ரல் அப்படியே நீடிக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி மட்டும் எதிர்த் திசையில் நகர்ந்தது. நெடுங்காலம் ஜூலை முதல் ஜூன் வரை கணக்கு வைத்திருந்த அது, அரசின் நிதியாண்டோடு சேர்ந்துகொள்ள 2020 ஜூலை முதல் 2021 மார்ச் வரையிலான ஒன்பது மாதத்தை ஒரு கணக்காண்டாக முடித்துக்கொண்டது. அந்த 2020-21 ஆண்டறிக்கையின் எண்களை முந்தைய 12 மாத எண்களோடு நேரடியாக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

பிற நாடுகளின் எண்களைப் படிக்கும்போதும் இது தேவை. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1-இல். இலங்கையில் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, வருமான வரியின் மதிப்பீட்டு ஆண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. பெயரிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. நம் பங்குச் சந்தை அறிக்கைகளில் ‘நிதியாண்டு 27’ என்றால் 2027 மார்ச்சில் முடியும் ஆண்டு. அதன் ‘முதல் காலாண்டு’ என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

வரியில் ஒரே எண், இரண்டு காலம்

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இரண்டு சொற்களைக் கொண்டு இயங்கியது. வருமானம் ஈட்டும் ஆண்டு ‘முந்தைய ஆண்டு’. அதற்கு அடுத்து, வரியைக் கணக்கிட்டு மதிப்பிடும் ஆண்டு ‘மதிப்பீட்டு ஆண்டு’. நடந்துகொண்டிருக்கும் ஆண்டையே ‘முந்தைய ஆண்டு’ என்று அழைக்க வேண்டிய நிலை. சம்பளக்காரர்கள் ஒவ்வொரு முறையும் தடுமாறியதற்கு அவர்களுடைய கவனக்குறைவைக் குறை சொல்வது நியாயமில்லை. சட்டத்தின் சொல்லே அப்படி அமைந்திருந்தது.

2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட வருமான வரிச் சட்டம், 2025 இந்த இரண்டையும் நீக்கிவிட்டு ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. எந்த நிதியாண்டில் வருமானம் வருகிறதோ அதுவே வரி ஆண்டு. சீர்திருத்தம் நல்லது, தேவையானது. ஆனால் பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் எண் மோதுகிறது.

1. 2026 மார்ச்சில் வந்த சம்பளம் 1961 சட்டத்துக்கு உட்பட்டது. அதற்கான கணக்கை மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்ற பெயரில் தாக்கல் செய்ய வேண்டும்.

2. 2026 ஏப்ரலில் வந்த சம்பளம் புதிய சட்டத்துக்கு உட்பட்டது. அது வரி ஆண்டு 2026-27-இல் சேரும். அதற்கான கணக்கு அந்த ஆண்டு முடிந்த பிறகு, 2027-இல் தாக்கலாகும்.

3. ஆகவே 2026 ஏப்ரலுக்குப் பிந்தைய மாதங்களில் ஒரே நபர் பழைய சட்டப்படி கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருப்பார். அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியும், அவர் கட்டும் முன்கூட்டிய வரியும் புதிய சட்டத்தின் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். இரண்டிலும் 2026-27 என்ற எண் இருக்கும்.

4. பழைய ஆண்டுகளுக்கான மறுமதிப்பீடு, மேல்முறையீடு போன்றவை பழைய சட்டத்தின்படியே தொடரும். ஆகவே ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற சொல் இன்னும் பல காலம் நோட்டீஸ்களில் வரத்தான் செய்யும்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டிய தாள் சலான். ஆண்டைத் தவறாகத் தேர்ந்து பணம் கட்டினால், கட்டிய பணம் வேறோர் ஆண்டின் கணக்கில் போய் நிற்கும். உரிய ஆண்டில் ‘வரி பாக்கி’ என்று நோட்டீஸ் வரும். திருத்தக் கோரிக்கை கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தரப்படும் அவகாசம் குறைவு. பணம் கட்டிய அன்றே சலானில் சட்டத்தின் பெயரையும் ஆண்டின் வகையையும் சரிபார்ப்பது நல்லது. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வரி ஆண்டு எப்போதும் 12 மாதம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் 2026 நவம்பரில் புதிதாகத் தொழில் தொடங்கினால், அந்தத் தொழிலுக்கான முதல் வரி ஆண்டு தொடங்கிய நாளில் ஆரம்பித்து 2027 மார்ச் 31-இல் முடிந்துவிடும்.

பசலி: நிலத்தின் ஆண்டு

தமிழ்நாட்டு வருவாய்த் துறைத் தாள்களில் ‘பசலி 1435’ என்று பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஏதோ கோப்பு எண் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது ஓர் ஆண்டு. பசலி 1435 என்பது 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை. ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வந்துவிடும்.

‘பஸ்ல்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம், விளைச்சல் என்று பொருள். பசலி பிறந்ததற்கு ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து எண்ணுவது, அதில் சுமார் 354 நாள்தான். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் அதன் மாதங்கள் பருவங்களைவிட்டு நகர்ந்துகொண்டே போகும். நிலவரியை ஹிஜ்ரி தேதியில் கேட்டால், சில ஆண்டுகளில் அறுவடைக்கு முன்பே வரி கேட்க வேண்டியிருக்கும். களத்துக்கு நெல் வராமல் உழவர் எதைக் கொண்டு கட்டுவார்? எனவே முகலாயர் ஆட்சியில் ஹிஜ்ரி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, நீளத்தை மட்டும் சூரிய ஆண்டுக்கு மாற்றி வரிக்கென ஒரு கணக்கை ஏற்படுத்தினார்கள். வடக்கே அக்பர் காலத்திலும் தக்காணத்தில் ஷாஜகான் காலத்திலும் இது நடைமுறைக்கு வந்தது. தொடங்கிய காலம் வேறு என்பதால் வடக்கத்திய பசலி எண்ணும் தெற்கத்திய பசலி எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

ஜூலை முதல் ஜூன் வரை என்ற எல்லை டெல்டாவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. குறுவை செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும். சம்பா ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரியில் களத்துக்கு வரும். இரண்டு அறுவடையும் ஒரே பசலிக்குள் அடங்கிவிடும். ஜனவரியில் தொடங்கும் ஆண்டாக இருந்தால் சம்பாப் பயிர் நடுவில் வெட்டுப்பட்டு, விதைப்பு ஓர் ஆண்டிலும் அறுவடை அடுத்த ஆண்டிலும் விழும். கிராமக் கணக்கு எண் 2 எனப்படும் அடங்கல், எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பசலி வாரியாகப் பதிவாவதும், அந்தக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி பசலி முடியும் தறுவாயில் மே, ஜூன் மாதங்களில் நடப்பதும் இதனால்தான்.

பாதிப்பு எங்கே வருகிறது? பயிர்க்கடனுக்கோ காப்பீட்டுக்கோ ‘2025-26 அடங்கல்’ கொண்டுவாருங்கள் என்று கேட்கிறவர் மனதில் இருப்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தருவது ஜூலை முதல் ஜூன் வரை. 2025 மே மாதம் நிலத்தில் இருந்த கோடைப் பயிர், நிதியாண்டுப்படி 2025-26-இல் வரும். பசலிப்படி அது 1434-இல் பதிவாகியிருக்கும். 1435-க்கான அடங்கலில் அதைத் தேடினால் கிடைக்காது. விவசாயி பொய் சொல்கிறார் என்று யாராவது முடிவு கட்டுவதற்கு முன், பயிர் இருந்த மாதத்தைக் கேட்டு அந்த மாதத்துக்கு உரிய பசலியின் அடங்கலைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளுக்கு எத்தனை ஆண்டுகள்?

2026 பிப்ரவரி 1-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று விசுவாவசு ஆண்டு தை 18, திருவள்ளுவர் ஆண்டு 2057, பசலி 1435. மத்திய அரசு 1957 மார்ச் 22 முதல் ஏற்றுக்கொண்ட தேசிய நாட்காட்டிப்படி சக ஆண்டு 1947, மாக மாதம் 12. நிதியாண்டு 2025-26.

தமிழ்நாட்டு அரசாணைகளின் தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயரும் திருவள்ளுவர் ஆண்டும் சேர்ந்தே அச்சாகின்றன. முன்னது சித்திரையில் மாறும், பின்னது தையில் மாறும். தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள்தான் என்று 2008-இல் சட்டம் வந்து 2011-இல் அது நீக்கப்பட்ட விவாதம் எல்லோருக்கும் தெரியும். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், அரசாணையைப் படிப்பதற்குத் தேவையானது ஒன்றுதான்: தை முதல் பங்குனி வரையிலான மூன்று மாதங்களில் திருவள்ளுவர் ஆண்டின் எண் மாறியிருக்கும், ஆண்டின் பெயர் மாறியிருக்காது.

காவிரியின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது

நீரியலில் ஜூன் 1 முதல் மே 31 வரை ஓர் ஆண்டு. தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கிக் கோடையோடு முடிவதால் இதற்கு நீர் ஆண்டு என்று பெயர். காவிரி நீர்ப் பங்கீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சராசரி மழையுள்ள ஆண்டில், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டிஎம்சி. நடுவர் மன்றம் 2007-இல் விதித்தது 192. செய்திகளில் அடிபடுவது இந்த ஆண்டு எண் மட்டும்தான். ஆனால் தீர்ப்பின் உயிர் மாதப் பட்டியலில் இருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி. முதல் நான்கு மாதங்களில் மட்டும் 123.14 டிஎம்சி வந்துசேர வேண்டும். ஆண்டுப் பங்கில் இது ஏறத்தாழ 70 சதவீதம்.

‘ஆண்டுப் பங்கைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டோம்’ என்ற வாதத்தை இந்தப் பட்டியலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. மேலே அணைகள் நிரம்பி ஒரு சில வாரங்களில் வெள்ளமாக வரும் நீர், அணை நிரம்பிய பிறகு கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும். ஆண்டுக் கூட்டுத்தொகையில் அது வரவு. வயலுக்கு அது வரவில்லை. மறுபுறம் ஆகஸ்டில் விழும் பற்றாக்குறையைப் பிப்ரவரியில் ஈடுகட்ட முடியாது, அதற்குள் குறுவை கருகியிருக்கும், சம்பா அறுவடை முடிந்திருக்கும். 2023-இல் பருவமழை குறைந்தபோது தமிழ்நாடும் கர்நாடகமும் மோதியது மாதக் கணக்கின் மீதுதான். நீருக்கும் பயிருக்கும் ஆண்டு என்பது மிகப் பெரிய அளவு. அந்த ஒற்றை எண்ணை வைத்து யார் வாதிட்டாலும் மாதக் கணக்கைக் கேட்பது நம் உரிமை.

‘ஆண்டுக்கு’ என்னும் விகிதம்

ஊரில் ‘இரண்டு ரூபாய் வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். கேட்பதற்குச் சிறிய எண். ஆண்டுக்கு அது 24 சதவீதம். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி போட்டால் ஏறத்தாழ 26.8 சதவீதம்.

வங்கி வைப்பிலும் இதே வேறுபாடு சிறிய அளவில் உண்டு. ஆண்டுக்கு 8 சதவீதம் என்று சொல்லி, காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்தால் ஓராண்டு முடிவில் கையில் வருவது 8.24 சதவீதம்.

பெரிய ஏமாற்றம் தவணைக் கடனில் நடக்கிறது. ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம் ‘நிலையான’ வட்டி, 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000 ரூபாய், மாதத் தவணை 9,333 ரூபாய். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கடன் வாங்கியவர் கையில் ஒரு லட்சம் முழு ஆண்டும் இருப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்குப் போடப்படுகிறது. குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். இரண்டு எண்களுக்கும் ‘ஆண்டுக்கு’ என்ற அடைமொழிதான். கட்டணங்களையும் சேர்த்து உண்மையான ஆண்டுச் சதவீதத்தைக் கடன்தாரருக்கு முக்கிய விவரத் தாளில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

பொருளாதாரச் செய்திகளில் இந்த விகிதம் இன்னொரு வடிவில் வருகிறது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது என்ற முதல் மதிப்பீடு வந்தபோது, அமெரிக்கா 30 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியதாகச் சொல்லி இந்தியா பரவாயில்லை என்று பலர் வாதிட்டார்கள். இந்திய எண், முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது. அமெரிக்க எண், முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு, இதே வேகத்தில் நான்கு காலாண்டும் சுருங்கினால் எவ்வளவு என்று ஆண்டு விகிதமாக்கியது. அந்தக் காலாண்டில் அமெரிக்கா உண்மையில் சுருங்கியது சுமார் 9 சதவீதம்.

சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. முதல் ஆண்டு 50 சதவீதம் லாபம், இரண்டாம் ஆண்டு 50 சதவீதம் நட்டம் தந்த முதலீட்டுக்கு ஆண்டுச் சராசரி பூஜ்யம் என்று சொல்லலாம். போட்ட 100 ரூபாய் 75 ரூபாயாகியிருக்கும்.

ஒரு தாளைக் கையில் எடுத்தால்

மூன்று கேள்விகள் போதும். முதல் இரண்டுக்கும் மேலே போதுமான உதாரணங்கள் வந்துவிட்டன.

1. இந்த ஆண்டு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது?

2. இந்த எண் ஓர் ஆண்டில் உண்மையில் நடந்ததா, ஆண்டுக்கு என்று மாற்றிய விகிதமா?

3. எண்ணுவது முடிந்த ஆண்டையா, நடக்கும் ஆண்டையா?

மூன்றாவது கேள்வியால் சுதந்திர நாள் தோறும் வாதம் எழுகிறது. 2025 ஆகஸ்ட் 15 எழுபத்தொன்பதாவது சுதந்திர நாள். அன்று நிறைவடைந்தது 78 ஆண்டு. 1947 ஆகஸ்ட் 15-ஐயே முதல் சுதந்திர நாளாக எண்ணுவதால் இப்படி. விழாவை எண்ணினால் ஒன்று கூடும், ஆண்டை எண்ணினால் ஒன்று குறையும், இரண்டும் சரி. மணிவிழாவும் இப்படித்தான்: 60 வயது நிறைந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வரும்போது செய்வது அது. அப்போது அவருக்கு நடப்பது 61.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வேறுபாடு நேரடியாகக் கையைக் கடிக்கும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிய 1972-ஆம் ஆண்டின் சட்டம், 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரைத் தொடர்ந்து ஓராண்டு பணியாற்றியவராகக் கருதியது. தொகையைக் கணக்கிடும்போது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாக எடுத்துக்கொண்டது. 7 ஆண்டு 7 மாதம் பணியாற்றியவருக்கு 8 ஆண்டுக் கணக்கு. இங்கே சட்டத்தின் ஆண்டு நாட்காட்டியின் ஆண்டைவிடச் சிறியது, தொழிலாளிக்குச் சாதகமானது.

பொது வருங்கால வைப்பு நிதியில் இது தலைகீழ். ‘15 ஆண்டுத் திட்டம்’ என்பார்கள். அந்த 15 ஆண்டு, கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகு எண்ணப்படும். 2026 ஜூனில் தொடங்கியவருக்கு எண்ணிக்கை 2027 மார்ச் 31-இல்தான் ஆரம்பிக்கும், 2042 மார்ச் 31-இல் முடியும். பணம் உள்ளே இருப்பது ஏறத்தாழ 16 ஆண்டு. 2027 மார்ச் 30-இல் தொடங்குகிறவருக்கும் அதே 2042 மார்ச்தான். இரண்டு நாள் தாமதித்து ஏப்ரல் 1-இல் தொடங்கினால் முதிர்வு 2043-க்குத் தள்ளிப்போகும். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையை மனதில் வைத்துத் தொடங்குகிறவர்கள் இந்தத் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ போக வேண்டும்.